நடுவில் ஒன்றரை ஆண்டு

(குழந்தைகள் நலம் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுக்கொரு முறை கைக்குழந்தைகளின் நலம் பற்றி, மருத்துவம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி ஒருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஒரே நிபந்தனை. இதை நிறுவியவர் ஓய்வு பெற்ற கிராமச் செவிலியர். மேடையில் தம் பெயரைச் சொல்லக்கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார். அதை மதித்து நேராகப் பொருளுக்கு வருகிறேன்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு குழந்தையின் வாழ்வில் ஒன்றரை ஆண்டு. ஆறு மாதம் முடிந்த நாளில் தொடங்கி இரண்டு வயது நிறையும்வரை உள்ள காலம். குழந்தை மருத்துவனாக அரசு மருத்துவமனைகளில் பணியாற்றிய காலம் முழுவதும், மெலிந்து வந்த குழந்தைகளையும் வெந்த காயத்தோடு வந்த குழந்தைகளையும் வயிற்றுப்போக்கில் துவண்டு வந்த குழந்தைகளையும் வெவ்வேறு வார்டுகளில் பார்த்தேன். பதிவேட்டில் அவை வெவ்வேறு நோய்கள். ஆனால் வயதைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த ஒன்றரை ஆண்டுக்குள்தான் இருக்கும். வீட்டு நிலைமையைக் கேட்டால் கதையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் நம் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1956இல் காமராசர் அதை மாநிலம் முழுவதற்கும் விரித்தார். கல்வித் துறையை நடத்திய நெ. து. சுந்தரவடிவேலு ஊர்மக்களின் பங்களிப்பைத் திரட்டி அதை ஊன்றச் செய்தார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பால்வாடியில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் தட்டு வைத்தது. பிறகு முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் காலைப் பசியையும் கவனித்தது. காமராசர் காலத்திலிருந்து கட்சி மாறினாலும் ஆட்சி மாறினாலும் இந்த வேலை நிற்கவில்லை. இந்தியாவில் வேறு எந்த மாநிலமும் இத்தனை நீண்ட காலம் இதை நெஞ்சில் வைத்துச் செய்ததில்லை என்று துணிந்து சொல்வேன்.

இந்தத் திட்டங்கள் எல்லாவற்றிலும் ஓர் எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது. குழந்தை நடந்து வர வேண்டும், உட்கார வேண்டும், தன் கையால் அள்ளித் தின்ன வேண்டும். மறுமுனையில், பிரசவத்தைச் சுற்றி நம் ஏற்பாடுகள் வலுவாக இருக்கின்றன. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. தடுப்பூசி அட்டை இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் என்ற ஓர் உணவே போதும். பால் சுரக்கும் தாய் அருகில் இருந்தால் பிள்ளை பிழைத்துவிடும். ஆக, தொடக்கத்தில் மருத்துவமனை இருக்கிறது, இரண்டு வயதுக்குமேல் பால்வாடி இருக்கிறது. நடுவில் ஒன்றரை ஆண்டு பிள்ளை வீட்டில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் என்ன நடக்கிறது என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாடுகளில் நல்ல பராமரிப்பில் வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவானது. தெற்கு தில்லியில் அளந்த குழந்தையும் ஒஸ்லோவில் அளந்த குழந்தையும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வளர்ந்தார்கள். ‘எங்க வம்சமே குள்ளந்தான் டாக்டர்’ என்று மெலிந்த குழந்தையைக் காட்டிச் சமாதானம் சொல்லும் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஐந்து வயது வரையிலாவது வம்சத்தைவிட வளர்ப்பே உயரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இந்த வரைபடத்தை வைத்து 54 நாடுகளின் தரவுகளைப் பார்த்து 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏழை நாட்டுக் குழந்தைகளின் உயரக் கோடு சரியும் சரிவில் பெரும்பகுதி இரண்டு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அதன்பின் கோடு கீழேயே தங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்கிறது அதே குடும்ப நல ஆய்வு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலானோரில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் இது 50.7 ஆக இருந்தது. குறையவில்லை, கூடியிருக்கிறது. பால்வாடிக்குள் வந்து சேரும் பிள்ளை ஏற்கெனவே உயரத்தை இழந்துவிட்டே வருகிறது. அங்கே நாம் கொடுக்கும் முட்டை வேண்டியதுதான். ஆனால் அது தாமதமாக வந்த முட்டை.

சரி, அந்த ஒன்றரை ஆண்டில் பிள்ளைக்கு என்ன வேண்டும்? தாய்ப்பாலுக்குமேல் ஆறு மாதம் முதல் எட்டு மாதம் வரை நாளுக்குச் சுமார் 200 கலோரி, ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை 300, ஒன்று முதல் இரண்டு வயது வரை 550. கேட்க மிகச் சிறிய அளவு. ஐந்தாறு இட்லியில் 300 கலோரி கிடைத்துவிடும். சிக்கல் அளவில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. பிள்ளையின் இரைப்பை ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 30 மில்லிதான் கொள்ளும். எட்டுக் கிலோ பிள்ளைக்கு ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டம்ளரை நீர்த்த அரிசிக் கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், உடம்பில் ஒன்றும் சேராது. பிள்ளை அழாது, அதுவே நம்மை ஏமாற்றிவிடும்.

எனவே உணவு கெட்டியாக இருக்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழிந்து ஓடாமல் கரண்டியிலேயே நிற்கும் பதம். ஆனால் கெட்டியாக இருந்தால் பல் முளைக்காத பிள்ளை விழுங்கத் திணறுகிறது. இதற்கு நம் சமையலறையிலேயே விடை இருக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, உலர்த்தித் திரித்து வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். முளைவிடும் தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி சுரக்கிறது. அது மாவுச்சத்தின் நீண்ட இழைகளை உடைக்கிறது. கெட்டியாக வெந்த கூழைக் கொதி அடங்கியதும் இறக்கி, முளைகட்டிய மாவு ஒரு சிட்டிகை தூவிக் கலக்கினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளகிவிடும். பிறகு மறுபடியும் ஒரு கொதி விட்டு ஆறவைத்து ஊட்டலாம். அதே டம்ளரில் முன்பைவிட அதிக மாவு, விழுங்கும் பதத்தில். 1980களில் பரோடாவில் தாரா கோபால்தாஸ் இதை ஆய்வுக்கூடத்திலும் கிராமத்திலும் சோதித்துக் காட்டினார். ஒரு எச்சரிக்கை: முளைகட்டிய தானியத்தை மணம் வரும்வரை வறுத்தால் நொதி செத்துப்போகும். ருசி இருக்கும், இளக்கும் சக்தி இருக்காது. வெயிலில் காயவைத்தால் போதும், அல்லது மிக இளஞ்சூடு.

ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் கூடுதலாக 45 கலோரி. பருப்பு, மசித்த கீரை, முட்டை, சாப்பிடும் வீடாக இருந்தால் ஈரல். இரும்புச்சத்துக்கு இவை அவசியம். தாயின் வயிற்றிலிருந்து பிள்ளை கொண்டுவந்த இரும்பு இருப்பு ஆறு மாதத்தில் ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது, தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அரசு கொடுக்கும் இரும்புச்சத்து சிரப், வாரம் இருமுறை ஒரு மில்லி, பல வீடுகளில் அலமாரியில் அப்படியே இருக்கும். மலம் கறுத்துப் போகிறதே என்று பயந்து நிறுத்தியிருப்பார்கள். கறுப்பது இயல்பு என்று கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். கூடவே டீயை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒரு வயதுப் பிள்ளைக்கு டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுப்பது நம் ஊரில் எவ்வளவு பரவலானது என்பது உங்களுக்கே தெரியும். டீயிலுள்ள டானின் இருக்கிற இரும்பையும் உடலில் சேரவிடாது.

சேலத்தில் பிறந்த சி. கோபாலன், குன்னூர் ஆய்வுக்கூடத்தில் தொடங்கி, பிறகு அது ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்த பின்னும், ஒரு கருத்தை விடாமல் சொல்லிவந்தார். ஏழைக் குழந்தைக்குக் குறைவது தனியாகப் புரதம் இல்லை, மொத்த உணவே குறைகிறது. வீட்டில் உண்ணும் தானியமும் பருப்பும் போதிய அளவு கிடைத்தால் புரதமும் கிடைத்துவிடும் என்றார். புரத மாவு டப்பாவை வாங்கிக் கடன்படும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

இதுவரை சொன்னது எதுவும் புதிதல்ல. பயிற்சிக்காக இங்கு வந்திருக்கும் அங்கன்வாடிச் சகோதரிகள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள், ஊர் ஊராகச் சொல்லியும் வருகிறார்கள். அப்படியானால் ஏன் நடப்பதில்லை?

வெளிநோயாளர் பிரிவில் ஒருநாள், பதினான்கு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஒரு தாய் நின்றிருந்தார். பிள்ளையின் எடை ஏழு கிலோகூட இல்லை. எங்கள் செவிலியர் அன்பாகத்தான் சொன்னார், “அஞ்சு வேளை ஊட்டணும்மா.” அந்தத் தாய் நிதானமாகக் கேட்டார், “அஞ்சு வேளையும் நான் வீட்ல இருந்தா, அந்த அஞ்சு வேளைக்கும் சோறு எங்கேர்ந்து வரும் சிஸ்டர்?” கதிர் அறுப்புக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். காலை எட்டு மணிக்கு வேன் வந்துவிடும். பிள்ளையை மாமியார் பார்த்துக்கொள்கிறார். மாமியாருக்குக் கண் சரியில்லை.

கணக்கைப் பாருங்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளை ஊட்ட இருபது நிமிடமாவது ஆகும். வாயைத் திருப்பும், துப்பும், இறங்கி ஓடும், மீண்டும் வரும். வற்புறுத்தினால் உணவின் மீதே வெறுப்பு வந்துவிடும். பொறுமையாகப் பேசிப் பேசித்தான் ஊட்ட வேண்டும். நாளுக்கு ஐந்து வேளை என்றால் ஊட்ட மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். பிள்ளைக்கெனத் தனியாகக் குழைய வேகவைக்க, கிண்ணம் கழுவ, கை கழுவ, இன்னும் ஒரு மணி நேரம். அதில் பெரும்பகுதி பகலில். பகல் முழுவதும் அந்தத் தாய் வயலில் இருக்கிறார், அல்லது நூற்பாலையில், கட்டட வேலையில், பனியன் கம்பெனியில். ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் ஏன் வீடு தோறும் நுழைந்தது என்றால், அதைப் பிள்ளை கையில் கொடுத்தால் யாரும் உட்கார்ந்து ஊட்ட வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் உணவு, உடல்நலம், பாதுகாப்பு மூன்றுமே ஒரு பெரியவரின் பகல் நேரத்தில் அடங்கியிருக்கின்றன. அந்த நேரத்தை நாம் எந்தத் திட்டத்திலும் சேர்க்கவில்லை. சத்துமாவைக் கொடுத்தோம், அட்டையைக் கொடுத்தோம், அறிவுரையை அள்ளி அள்ளிக் கொடுத்தோம். நேரம் மட்டும் தாயிடம் தானாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டோம். தாய்க்குத் தெரியவில்லை என்ற பேச்சை இனியாவது குறைத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். தாய்க்குத் தெரியும். அவரால் முடியவில்லை.

வயிற்றுப்போக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்கான் முகாமில், சிரை வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி வாய்வழியே கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். அந்த நீரைப் புகட்டியவர்கள் யார்? முகாமில் நோயாளிகளின் பக்கத்திலிருந்த உறவினர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலின் உயிர் அதன் வேதியியலில் பாதிதான். மீதிப் பாதி, வாந்தி எடுத்தாலும் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஒவ்வொரு தேக்கரண்டியாகப் புகட்டும் ஆள். இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எங்கும் கிடைக்கிறது, கூடவே பத்து முதல் பதினான்கு நாள் துத்தநாக மாத்திரையும் கொடுக்கிறோம். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்காமல் ஒரு டம்ளரில் கரைப்பவர்களும் உண்டு. அது ஆபத்து, உப்பு மிகுந்துவிடும். ‘சீர் தட்டிவிட்டது’ என்று மந்திரிக்கப் போகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். மந்திரித்துவிட்டு வாருங்கள், ஆனால் போகும் வழியெல்லாம் கரைசலைப் புகட்டிக்கொண்டே போங்கள் என்பேன்.

அடுத்தது பாதுகாப்பு. தவழவும் நடக்கவும் தொடங்கிய பிள்ளை கைக்கு எட்டியதை வாயில் வைக்கும். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிவைத்த மண்ணெண்ணெய், பூஜை மாடத்துக் கற்பூரம், எலி மருந்து, வேர்க்கடலை, சட்டைப் பொத்தான். தரையில் இறக்கிவைத்த குழம்புச் சட்டி. நிறைந்த வாளி, தலைகீழாக விழுந்த பிள்ளைக்கு ஒரு சாண் தண்ணீர் போதும் மூழ்க. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். வெந்த இடத்தில் பற்பசையும் மையும் மாவும் தடவாதீர்கள், இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். குளிப்பாட்டும்போது பிள்ளையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். அந்த எண்ணெய் மார்பில் இறங்கி வரும் நிமோனியாவை ஆற்றுவது மிகக் கடினம். இவற்றைப் படமாக அச்சிட்டு ஒட்டலாம். ஆனால் ஒட்டிய படம் பிள்ளையைத் தூக்காது.

வங்கதேசத்தில் இதை நேருக்கு நேர் பார்த்தார்கள். நாடெங்கும் குளமும் ஓடையும். சிறு பிள்ளைகள் மூழ்கிச் சாவது பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்றுக்குள், தாய் சமையலிலும் வீட்டு வேலையிலும் மூழ்கியிருக்கும் நேரத்தில், வீட்டிலிருந்து சில அடி தூரத்தில் நடந்தது. வேலி போடுவது, நீச்சல் கற்பிப்பது எல்லாம் இந்த வயதுக்குப் பொருந்தவில்லை. எனவே கிராமத்திலேயே ஒரு பெண்ணின் வீட்டில், அந்த நான்கு மணி நேரம் மட்டும், இருபது இருபத்தைந்து பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் ‘ஆஞ்சல்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். அங்கு வந்த பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. மருந்து இல்லை, கருவி இல்லை. நான்கு மணி நேரம், ஒரு பெண்மணி, கதவில் ஒரு தட்டி.

நம் நினைவிலும் ஆறாத இரண்டு நாட்கள் உண்டு. 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளை மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. தமிழ்நாடே தொலைக்காட்சி முன் விழித்திருந்தும் காப்பாற்ற முடியவில்லை. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை எப்படி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே வழிகாட்டியிருந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பற்றிய தீ கூரை வேய்ந்த வகுப்பறைகளுக்குத் தாவி 94 பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. சோறு சமைத்த அடுப்புத்தான் அது. சோற்றை ஒரு துறையும் பாதுகாப்பை வேறொரு துறையும் பார்த்துக்கொள்ளும் என்று பிரித்துவைப்பதன் விலையை நாம் கொடுத்திருக்கிறோம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் குறித்து அதன்பின் கூரைகளை மாற்றினோம், விதிகளை இறுக்கினோம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் இடம் வீடு என்பதால், அங்கே ஆய்வாளர் எவரும் வருவதில்லை.

இப்போது நேரத்தைப் பற்றி. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழிக்கிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஈடுபடும் ஆண்களே நாலில் ஒரு பங்குதான். நான் இதை இங்கிருக்கும் மாணவர்களைப் பார்த்துச் சொல்கிறேன். ஒரு வேளை ஊட்டுவதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. இரவு ஒரு வேளையும் விடியற்காலை ஒரு வேளையும் அப்பாவின் கையால் என்று இருந்தால், ஐந்தில் இரண்டு தீர்ந்தது.

மீதி மூன்று பகலில் இருக்கின்றன. அரசு ஊழியரான தாய்க்குத் தமிழ்நாட்டில் 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. மிக நல்லது. 2017இன் மத்தியச் சட்டத் திருத்தம் நிறுவனங்களில் 26 வாரம் தந்தது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1948இன் தொழிற்சாலைச் சட்டமும் காப்பகம் பற்றிப் பேசியது. வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் தாய்க்கு இவற்றில் எதுவும் இல்லை. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் அந்தத் தாயை நினைத்து 1987இல் பிறந்தது. இன்று 18,000 ரூபாய் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அது முதல் சில மாதங்களைத் தாங்கும். பிள்ளை கூழ் தின்னத் தொடங்கும் நேரத்தில் தாய் வேலைக்குத் திரும்பியிருப்பார்.

காப்பகம் என்பது தமிழர்களுக்குப் புதியதல்ல. இலங்கையின் மலையகத்திலும் நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போன நம் பெண்கள் விடியும் முன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலையேறினார்கள். 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் இந்தியத் தோட்டங்களில் அதைக் கட்டாயமாக்கியது. பழைய பிள்ளைக் காம்பராக்கள் பல இருண்டவை, நெரிசலானவை. அவற்றை நான் புகழவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெண்களின் கை இல்லாமல் கொழுந்து வராது என்று ஆனதும், பிள்ளையைப் பார்க்க ஆளும் கூரையும் கிடைத்துவிட்டன. நெல் வயலுக்கும் அதே கைகள்தான் போகின்றன.

தில்லியில் 1969இல் கட்டட வேலை நடக்கும் இடத்தில் மண்ணில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்து மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கியதுதான் மொபைல் கிரீச்சஸ் என்ற அமைப்பு. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் முன்பருவக் குழந்தைகள் பற்றிக் கொடுத்த அறிக்கை, 1975இல் பிறந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு முன்னோடியாக அமைந்தது. பிற்காலத்தில் சென்னையிலிருந்து பணியாற்றிய அவர், உழைக்கும் தாயின் பிள்ளைக்குப் பகல் நேரப் பராமரிப்பு வேண்டும் என்பதைக் கடைசிவரை வலியுறுத்தினார். சட்டீஸ்கரில் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹ்யோக் மருத்துவர்கள் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்காகக் காட்டுக் கிராமங்களில் ‘புல்வாரி’ நடத்துகிறார்கள். ஊர்ப் பெண் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். எண்ணெய் விட்ட சூடான கிச்சடி, சத்து மாவு. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன தாய்க்கும், படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு இருந்த அக்காவுக்கும் ஒருசேர விடுதலை.

தமிழ்நாடும் ஒரு காலத்தில் இந்த வயதைச் சரியாகவே குறிபார்த்தது. 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் சோதிக்கப்பட்டது. ஆறு மாதம் முதல் 36 மாதம் வரையிலான ஒவ்வொரு பிள்ளையையும் மாதந்தோறும் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். எடை ஏறாமல் நின்றுவிட்ட பிள்ளைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துருண்டை. தேறியதும் நிறுத்திவிட்டு, தாயிடம் பேசுவார்கள். பணியாளராக அதே ஊரில் ஏழையாக இருந்தும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்த பெண்ணைத் தேடி எடுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் ஞானம். மிகக் கடுமையான மெலிவு கண்கூடாகக் குறைந்தது. அதே காலகட்டத்தில் திருச்சி மாவட்டத்தில் மதுரை அரவிந்த் மருத்துவர்கள் 15,000க்கும் மேற்பட்ட சிறு பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு 54 விழுக்காடு குறைந்ததை 1990இல் வெளியிட்டார்கள். அந்தச் சொட்டு மருந்தோடு வாரம் தவறாமல் ஒரு தன்னார்வலர் வாசற்படி ஏறினார் என்பதையும் நான் சேர்த்தே படிக்கிறேன். கொட்டாம்பட்டியின் வழி பின்னாளில் அங்கன்வாடிப் பணிக்குள் கலந்துவிட்டது. ஒரே பணியாளர் பால்வாடிப் பிள்ளைகளையும் பார்த்து, சமையலையும் பார்த்து, பதிவேட்டையும் எழுதி, கைபேசியிலும் ஏற்றும்போது, வாசலுக்கு வர முடியாத பிள்ளைதான் முதலில் விடுபடுகிறது.

எனவே என் வேண்டுகோள், 54,000க்கும் மேற்பட்ட நம் அங்கன்வாடிகளில், பெண்கள் கூலி வேலைக்குப் போகும் ஊர்களில் முதலில், ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஒரு தனி அறையும் தனி ஆளும். இருக்கும் பணியாளரின் தலையில் இதையும் ஏற்றக்கூடாது. அவர்கள் சுமை எனக்குத் தெரியும். பத்துப் பிள்ளைக்கு ஒருவர், முறையான ஊதியத்தோடு. மத்திய அரசின் பால்னா திட்டம் அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்க வழி வைத்திருக்கிறது. 2005இன் வேலை உறுதிச் சட்டத்திலேயே, வேலைத் தளத்துக்கு ஐந்து சிறு பிள்ளைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. மரத்தடித் தூளிகளைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

பலர் கேட்பார்கள், கைக்குழந்தைகளை ஓரிடத்தில் சேர்த்தால் சளியும் வயிற்றுப்போக்கும் பரவாதா என்று. பரவும். அதனால்தான் பத்துப் பேர் என்றேன், இருபத்தைந்து என்று சொல்லவில்லை. தடுப்பூசி முடித்த பிள்ளைகள், சோப்பு, ஓடும் தண்ணீர், மலம் கழுவ ஓரிடமும் கூழ் கிண்டும் இடம் வேறிடமும், காய்ச்சல் பிள்ளை அன்று வீட்டில். தாய்ப்பால் நின்றுவிடாதா என்றும் கேட்பார்கள். வயலுக்கு அருகில் இருந்தால் மதியம் தாய் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார். இன்று பாட்டியிடம் விட்டுப் போகும் பிள்ளைக்கு அதுவும் கிடைப்பதில்லை. பிள்ளையை வளர்ப்பது தாயின் கடமை, அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவரும் உண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றோர் கடமை என்று 1920இல் சென்னை மாநகராட்சி ஒதுங்கியிருந்தால் இன்று நாம் எதைக் கொண்டாடியிருப்போம்?

இங்கே இருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் ஊர்க் கிராமச் செவிலியரிடம் பிக்மி என்ற தாய்-சேய்ப் பதிவு இருக்கிறது. பிறந்த பிள்ளைகளின் பெயரும் தேதியும் அதில் உண்டு. இன்று இரண்டு வயதுக்குட்பட்டவர்களை மட்டும் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, காலை ஒன்பதிலிருந்து மதியம் மூன்று வரை அந்தப் பிள்ளை யாரிடம் இருக்கிறது, அவருக்கு என்ன வயது, அந்த நேரத்தில் எத்தனை முறை ஊட்டப்படுகிறது என்று கேட்டுக் குறியுங்கள். ஒரு சிற்றூருக்கு ஒருநாள் வேலை. மே 1 அன்று கிராம சபை கூடும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று வாசியுங்கள். வாசித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்திடுவதற்கு முன், எத்தனை பிள்ளைகள், எந்தக் கட்டடம், யாருக்குச் சம்பளம் என்ற மூன்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.